நீர் எல்லாவற்றையும் கரைத்துவிடுமா?

நீரைச் ‘சர்வ கரைப்பான்’ என்று பாடத்தில் படித்துவிட்டு, அதை அப்படியே நம்பிவிடுவதுதான் முதல் தவறு. மற்றத் திரவங்களைவிட மிகுதியான பொருள்களைக் கரைப்பதால் கிடைத்த பட்டம் அது, அவ்வளவே. எண்ணெய் நீரில் கரையாது. நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வு பெரும்பாலும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. நீர் அதையும் கரைத்திருந்தால் செல் என்ற ஒன்றே நிலைத்திருக்காது. நீர் எதைக் கரைக்கிறது என்று கேட்கும் பாடங்கள், எதைக் கரைக்காமல் விடுகிறது என்று கேட்பதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

எண்ணெய் நீரை வெறுக்கிறது என்ற விளக்கமும் சரியன்று. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் உண்டு. அதனால் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அப்படி மின்முனைகள் இல்லாத எண்ணெய்க்கு அந்தப் பிடியில் இடமில்லை, ஒதுங்கி ஒன்றுசேர்கிறது. புரதங்கள் மடிந்து உரிய வடிவம் பெறுவதிலும் இந்த ஒதுங்கலுக்குப் பெரும்பங்கு உண்டு. நீரோடு சேராத பகுதிகள் உள்ளே போக, சேரும் பகுதிகள் வெளிப்புறம் அமைகின்றன.

சர்க்கரை நீரில் ‘உருகியது’ என்று எழுதாதீர்கள். உருக வெப்பம் போதும், கரையக் கரைப்பான் வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் ஒரே விதமாகக் கரைவதாக நினைப்பவர்களும் உண்டு. உப்பு சோடியம், குளோரைடு அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிந்துவிடும். சர்க்கரை மூலக்கூறுகள் உடையாமல் முழுதாகவே நீரில் பரவும். நரம்புகளில் செய்தி ஓடுவது சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வைக் கடப்பதால்தான். நீர் சூழ்ந்திருப்பதால்தான் அந்த அயனிகள் தனித்தனியே நடமாட முடிகிறது.

நான் அடிக்கடி கேட்கும் தவறு மீனைப் பற்றியது. நீர் மூலக்கூறில் உள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து மீன் சுவாசிக்கிறதாம்! மீனுக்கு அந்த ஆற்றல் கிடையாது. காற்றிலிருந்தும் நீர்த்தாவரங்களிலிருந்தும் வந்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையே செவுள்கள் எடுத்துக்கொள்கின்றன. அதன் அளவோ மிகக் குறைவு: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம். சூடு ஏறினால் எல்லாமே அதிகமாகக் கரையும் என்ற எண்ணமும் இங்கே பொய்த்துப்போகிறது. 30 டிகிரியில் அந்த அளவு ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. கோடையில் குளத்து மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் இரத்தத்திலும் இதே தட்டுப்பாடு உண்டு. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் பெரும்பகுதி நீர்தான் என்றாலும், ஆக்சிஜனில் ஏறக்குறைய 2 விழுக்காடே கரைந்த நிலையில் செல்கிறது. மீதியைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்.