வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய், பூனைகளைப் பாதுகாப்பது எப்படி?

திருகோணமலையில் வெடிக்காலம் ஒரு நாளோடு முடிவதில்லை. தீபாவளிக்குத் தொடங்கினால் நத்தார், டிசம்பர் 31 நள்ளிரவு, தைப்பொங்கல் என்று சித்திரைப் புத்தாண்டு வரை வந்துகொண்டே இருக்கும். மனிதக் காதுக்கு 20,000 ஹேர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையான ஒலிதான் கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 45,000, பூனைக்கு 60,000க்கும் மேல். அடுத்த வெடி எப்போது, எந்தப் பக்கமிருந்து வரும் என்றும் அவற்றுக்குத் தெரியாது. ஓடுவது, ஒளிவது, விடாமல் குரைப்பது எல்லாம் பயத்தால் வருபவை. தயவுசெய்து ஏசாதீர்கள், அடிக்காதீர்கள்.

முதலாவது: சில கிழமைகளுக்கு முன்பே தொடங்குங்கள்

கைத்தொலைபேசியில் வெடிச் சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, அதே நேரம் முள் எடுத்த அவித்த மீனோ கோழித் துண்டோ கொடுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். சாப்பாட்டை விட்டுக் காதை மடக்கினால், வாலை ஒடுக்கினால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே குறையுங்கள். அவசரப்பட்டுச் சத்தத்தைக் கூட்டினால் பயம்தான் கூடும். வெடி தொடங்கிய நாளில் இந்தப் பயிற்சி உதவாது.

போன வருடம் மதில் பாய்ந்த, கதவைப் பிறாண்டி நகம் கிழித்துக்கொண்ட பிராணி என்றால் கால்நடை வைத்தியரிடம் இப்போதே பேசுங்கள். பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. எந்த அளவு ஒத்துவருகிறது என்று சாதாரண நாளொன்றில் பார்த்துவிட வேண்டும். வீட்டில் கிடக்கும் குளிசைகளை மட்டும் கொடுக்கவே வேண்டாம். ஒரு பரசிட்டமோல் குளிசையே பூனையின் உயிரைப் பறிக்கப் போதும்.

கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை அழியாத மையால் எழுதுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடத்துக்குப் போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

இரண்டாவது: ஒளிய ஓர் இடம்

தெருப் பக்கம் இல்லாத உள்ளறை நல்லது. யன்னலைச் சாத்தித் தடித்த திரை போடுங்கள், பழைய சேலையும் உதவும். மின்விசிறியும் வானொலியும் ஓடட்டும். சித்திரை வெக்கையில் பூட்டிய அறை அடுப்பாகிவிடும். தண்ணீரும் காற்றும் கட்டாயம். பூனைக்கு ஒரு அட்டைப்பெட்டியும் மணல் தட்டும் வையுங்கள். கட்டிலுக்கடியில் நுழைந்தால் இழுத்து எடுக்காதீர்கள், அது தேர்ந்த இடம்தான் அதற்குப் பாதுகாப்பு. கிளிக்கூட்டை உள்ளே கொண்டுவந்து, காற்றுப் போக இடம் விட்டுத் துணியால் மூடுங்கள்.

மூன்றாவது: அன்று மாலை

பொழுதுபடுமுன் நடக்கக் கூட்டிப்போங்கள். சாப்பாட்டையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். பிறகு படலையைப் பூட்டி நாயை உள்ளே எடுங்கள். முற்றத்தில் சங்கிலியில் கட்டிவிடுவதுதான் மிக ஆபத்தானது: மிரண்டு மதிலைப் பாய்ந்தால் கழுத்து இறுகிவிடும்.

நான்காவது: வெடிக்கும்போது

பக்கத்தில் இருங்கள். தடவிக் கொடுத்தால் பயந்த பழக்கம் ஏறிவிடும் என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல. உங்களிடம் ஒட்டிக்கொள்ள வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், விலகினால் விட்டுவிடுங்கள். மெதுவான குரலில் பேசுங்கள். வேறெந்த உபாயத்தையும்விட நீங்கள் அங்கே இருப்பதைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். மிரண்ட நாய் யாரையாவது கடித்துவிட்டால், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தெருநாய்களுக்கு விறாந்தையில் ஒரு சாக்கு விரித்துவிட்டால் பெரிய உதவி. பிரெட்ரிக் கோட்டையிலும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்களுக்கு ஒளிய அறை கிடையாது. மிரண்டால் வாகனங்களுக்குக் குறுக்கே பாயும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் வெடி கொளுத்தாதீர்கள், கொளுத்தும் பிள்ளைகளையும் தடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது: மறுநாள் காலை

நாயை வெளியே விடுமுன் முற்றத்தையும் ஒழுங்கையையும் கூட்டுங்கள். வெடிக்காத சீனவெடியிலும் கருகிய மத்தாப்பிலும் பேரியம் போன்ற நச்சுப்பொருள்கள் இருக்கலாம். தின்றுவிட்டு வாந்தி, வயிற்றோட்டம், நடுக்கம் காட்டினால் மிச்சத் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் போங்கள். சுட்ட காயத்துக்குப் பற்பசை பூசாதீர்கள். குளிர்ந்த நீரை ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடிக் கொண்டுபோங்கள். பூனை இன்னும் கட்டிலுக்கடியில் இருந்தால் தண்ணீரையும் சாப்பாட்டையும் அங்கேயே நகர்த்தி வையுங்கள். ஒரு நாள் கழிந்தும் எதையும் தொடாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.