ரவிவர்மா அச்சுப்படத்தை மதிப்பிடுவது எப்படி?

திருகோணமலையின் பழைய வீடுகளில், சாமியறைச் சுவரில் ரவிவர்மாவின் இலட்சுமியையோ சரஸ்வதியையோ கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்றும் காணலாம். அவை ஓவியர் கைப்பட வரைந்தவை அல்ல, அச்சில் பெருந்தொகையாக வெளிவந்த பிரதிகள். ஆகவே நாம் மதிப்பிட வேண்டியது ஓவியத்தின் புகழை அன்று, கையில் இருக்கும் தாளை.

முதலில் அச்சுமுறையை அறிய வேண்டும். நகைத் தொழிலாளர் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேவியின் கன்னத்தை உற்றுப் பாருங்கள். பழைய கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் பயன்பட்டது. கல்லின் மேல் கைவினைஞர் புள்ளிகளைக் கையாலேயே இட்டதால் அவை பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கின்றிச் சிதறி, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பிற்கால ஆப்செட் அச்சிலோ நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் சிறு வளையங்களாக அமைந்திருக்கும். அத்தகைய ஒழுங்கு தெரிந்தால், சட்டம் எவ்வளவு பழையதாயினும் படம் பழைய கல்லச்சு அன்று. படத்துக்குள் இருக்கும் ஓவியரின் கையொப்பமும் பெரும்பாலும் ஓவியத்தோடு சேர்ந்து அச்சானதே.

அடுத்து, கீழ் விளிம்பை வாசியுங்கள். ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, 1899இல் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மாளவ்லிக்கு இடம்பெயர்ந்தது. எனவே விளிம்பில் அப்பகுதி ஊர்களான கார்லா, லோனாவாலா என்னும் பெயர்கள் இருந்தால் அது இடமாற்றத்துக்குப் பிந்திய படம். பின்னர் அச்சகம் ஷ்லைச்சர் என்ற ஜெர்மானியரின் கைக்குச் சென்று, ஓவியர் 1906இல் மறைந்த பிறகும் நெடுங்காலம் இயங்கியதால், அச்சகத்தின் பெயர் மட்டுமே பழைமைக்குச் சான்றாகாது. சட்டத்துக்குள் அடக்குவதற்காக விளிம்பை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. விளிம்பு முழுதாக இருப்பது பெரும் பேறு. தயவுசெய்து இனியாவது எவரும் அதை வெட்ட வேண்டாம்.

மூன்றாவது, தாளின் நிலை. நம் கடற்கரை ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளிகள் படரும், இராமபாணப் பூச்சி ஓரங்களை அரிக்கும். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டாம். தாள்களைச் சீர்செய்யத் தெரிந்தவரிடமே ஒப்படையுங்கள். நெற்றியில் படிந்த குங்குமத்தை வாங்குபவர் குறையென்று கொள்ளலாம். ஆனால் அது அந்தப் படம் வணங்கப்பட்டதன் தடம் என்பதால், அகற்றாமல் விடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. அக்காலத்தில் ஒட்டப்பட்ட சரிகையையும் மணிகளையும் அவ்வாறே விட்டுவிடுங்கள்.

இறுதியாக விலை. விற்பவர் கேட்கும் தொகையை நம்பாமல், அதே படம், அதே அச்சகம், அதே அளவு, ஒத்த நிலை ஆகிய நான்கும் பொருந்தும் பிரதிகள் ஏலத்தில் உண்மையாக விலைபோன தொகைகளை ஒப்பிடுங்கள். மதிப்பீட்டாளரை அணுகும்போது படத்தின் நீள அகலத்தோடு முழுப்படம், கீழ் விளிம்பு, பின்புறம், பெரிதாக்கிய புள்ளிகள் ஆகியவற்றின் புகைப்படங்களையும் கொடுங்கள்.