மீற்றர் முனை வைத்தால் வேலை செய்த லாப்டொப்

காலையில் என் லாப்டொப்பின் பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் இல்லை, மத்தியானம் வெள்ளவத்தை வெக்கையில் ஒரே அழுத்தில் ஓன் ஆகும். ரேம், சீமோஸ் பற்றரி (போர்ட்டில் இருக்கும் சின்ன பற்றரி), பட்டன் கேபிள் எல்லாம் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் மதர்போர்ட்டையே மாற்றச் சொன்னார்கள்.

சரி என்று போர்ட்டில் மின்சாரம் சரியாக வருகிறதா என்று மீற்றரால் நானே அளந்தேன். 19 வோல்ட் வருகிறது, 5 வோல்ட் வருகிறது, 3.3 வோல்ட்டும் சரி, அதனால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மூன்று நாள் வேறெங்கோ தேடினேன். அப்புறம்தான் கவனித்தேன்: மீற்றர் முனையை 3.3 வோல்ட் வரும் கொயிலில் (கம்பிச்சுருளில்) அழுத்தி வைத்தால் 3.3, அதே மின் இணைப்பில் தள்ளியிருந்த கபாசிட்டரில் மெதுவாகத் தொட்டால் பூச்சியம். அளக்கும்போது என் கைதான் கொயிலின் காலில் விரிசல் விட்ட ஈயத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது! மத்தியான வெக்கையும் அதையே செய்திருக்க வேண்டும். ஈயம் நன்றாகப் பிடிக்க பிளக்ஸ் போட்டு, சூடான காற்றடிக்கும் ஹொட் எயாரில் கொயிலை மறுபடி ஒட்டினேன். பெரிய நிம்மதி. பத்து நாளாகக் காலையிலும் முதல் அழுத்திலேயே எழும்புகிறது.