கோப்பைக்கு மோதும் ஹாக்கி அணியில் புதுமுகங்களையும் சீனியர்களையும் எப்படிச் சேர்ப்பது

நான் சொல்வது பனித்தளத்தில் ஆடும் ஹாக்கி, அதுவும் வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல். அங்கே ஓர் அணியை நடத்தும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது, இந்த வருடமே லீக்கின் சாம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் கேமில் அணி நடத்துகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இத்தனை இளையவர், இத்தனை மூத்தவர் என்று தலையை எண்ணி சமன் பார்க்காதீர்கள். பட்டியலில் 23 பேர், அதில் ஆட்டத்தன்று உடை மாட்டி இறங்குவது 20 பேர்: வழக்கமாக 12 முன்கள வீரர்கள், 6 தடுப்பு வீரர்கள், 2 கோல்கீப்பர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் என்ன வேலை என்பதை முதலில் எழுதுங்கள், ஆளை அப்புறம் தேடலாம்.

அதற்கும் முன்னால் காசுக் கணக்கு. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 2016லும் 2017லும் அடுத்தடுத்து கோப்பை வென்றது, நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற உதாரணம் அதுதான். 2016-17 சீசனில் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 7.3 கோடி டாலர், அதில் சிட்னி கிராஸ்பிக்கு 87 லட்சம், எவ்கெனி மால்கினுக்கு 95 லட்சம், அதாவது இரண்டே பேருக்குக் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. அதே அணியின் லெடாங், கெஸல் இருவரையும் சேர்த்தால் நான்கு பேருக்கு மூன்று கோடிக்கு மேல். மீதியில் முழு அணியையும் கட்ட வேண்டும் என்றால் மலிவாக, ஆனால் நன்றாக ஆடும் ஆட்கள் வேண்டும், அப்படிக் கிடைப்பது இரண்டே வகை: முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் பையன்கள் (அப்போது அவர்களின் அடிப்படைச் சம்பளத்துக்கு 9.25 லட்சம்தான் உச்சம்), அப்புறம் ஒரு வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கும் வயதானவர்கள். மாட் கல்லன் 40 வயதில் 10 லட்சம் டாலர் சம்பளத்துக்கு ஆடி 2017 கோப்பையைத் தூக்கினார். பெரிய நட்சத்திரங்களை வைத்திருக்கும் அணிக்குப் புதுமுகம் ஆசைக்காகச் சேர்க்கும் ஆள் இல்லை, கட்டாயம்.

சரி, அந்தப் பையன்களை எங்கே தயார் செய்வது? என்ஹெச்எல்லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏஹெச்எல்லில் உள்ள உங்கள் சொந்த அணியில், மேலே ஆடும் அதே முறையில். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மைக் சல்லிவன் வில்க்ஸ்-பாரியில் பிட்ஸ்பர்க்கின் கீழ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர், 2015 டிசம்பரில் அவரையே மேலே கொண்டுவந்தார்கள். அவருக்குக் கீழே அங்கே ஆடிய பிரையன் ரஸ்ட், கானர் ஷேரி, டாம் குன்ஹேக்கல், கோல்கீப்பர் மாட் மர்ரி எல்லாரும் அந்த சீசனிலேயே மேலே வந்து நிலைத்தார்கள். பயிற்சியாளர் என்ன கேட்பார், பக்கை (ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டை) இழந்தால் அடுத்த நொடி யார் எங்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். டாம்பாவுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் ரஸ்ட் அடித்தது.

18, 19 வயதுப் பையனை ஜூனியர் லீக்கில் இருந்து நேராக எடுக்கிறீர்கள் என்றால் ஒன்பது ஆட்டக் கணக்கை நினைவில் வையுங்கள். ஒன்பது ஆட்டம் வரை சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அவனுடைய ஒப்பந்தத்தின் முதல் வருடம் அப்படியே தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்தில் இறக்கினீர்களோ, மலிவான மூன்று வருடங்களில் ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டது. சந்தேகம் இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

மேலே வந்தவனை யார் பக்கத்தில் நிறுத்துவது என்பதில்தான் என் அனுபவத்தில் பாதி வெற்றி இருக்கிறது. இரண்டு புதுமுகங்களை ஒரே வரிசையில் (சேர்ந்து பனியில் இறங்கும் மூன்று முன்கள வீரர்கள்) சேர்த்துக் கடைசி வரிசையில் தள்ளுவது பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் அங்கே தவறைச் சரிசெய்ய யாரும் இல்லை. சென்டரில், அதாவது வரிசையின் நடுவில் ஆடுபவருக்குத் தடுப்பு வேலை அதிகம், அதனால் பையனை முதலில் விங்கில், அதாவது ஓரத்தில் போடுங்கள், நடுவில் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். புதுமுகம் ஜேக் கென்ட்ஸல் 2017இல் கிராஸ்பி பக்கத்தில் ஆடினார், அந்த பிளேஆஃபில் (லீக் ஆட்டங்கள் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் நாக்-அவுட் தொடர்கள்) 13 கோல் அடித்தார், வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. சொந்த மைதானத்தில் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. எதிரணியின் முதல் வரிசை பனியில் இருக்கும்போது பையனை வெளியே வைத்து, எதிரணி கோல் பக்கம் நடக்கும் ஃபேஸ்ஆஃபுக்கு (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) உள்ளே அனுப்புங்கள். வெளியூரில் இந்த வசதி கிடையாது, அங்கே அவனுடைய நேரம் குறைந்தாலும் பரவாயில்லை.

சீனியர் விஷயத்தில் ஒரே ஒரு பேச்சு போதும், ஆனால் அதைக் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டும்: "நான்காவது வரிசை, பெனால்டியால் நம் ஆள் குறையும் நேரத்தில் தடுப்பு, சில இரவு உட்கார வேண்டிவரும், சம்மதமா?" சம்மதிக்காதவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சீசன் நடுவில் ஒருவரின் நேரத்தைக் குறைத்துப் பையனுக்குக் கொடுக்கும்போது, முன்பே சொல்லியிருந்தால் அது ஏற்பாடு, சொல்லாமல் செய்தால் அவமானம், டிரெஸ்ஸிங் ரூம் முழுக்க அது பரவும். கோப்பையே கிடைக்காத சீனியரைத் தேடுவதும் நல்லது. ரான் ஹெய்ன்ஸி 907 லீக் ஆட்டங்கள் ஆடியும் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூடப் பார்க்காதவர். 2017 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அவரை வாங்கியது, லெடாங் காயத்தால் இல்லாத அந்த பிளேஆஃபில் தடுப்பு வரிசையைத் தாங்கியவர்களில் அவரும் ஒருவர். கிராஸ்பி கோப்பையை வாங்கியதும் முதலில் கொடுத்தது அவரிடம்தான்.

பிளேஆஃபில் பையனை உட்கார வைக்கலாமா? வைக்கலாம், தண்டனையாக இல்லாத வரை. 2011இல் பாஸ்டன் 19 வயது டைலர் செகினை முதல் இரண்டு சுற்றின் 11 ஆட்டங்களுக்கும் வெளியே வைத்தது, அணியின் சென்டர் பெர்ஜரானுக்கு அடிபட்ட பிறகுதான் இறக்கியது. டாம்பாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் ஒரே பீரியடில் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று) செகின் இரண்டு கோல், இரண்டு அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்). அதே அணியில் 43 வயது மார்க் ரெக்கி இருந்தார், இருவரும் சேர்ந்தே கோப்பை வென்றார்கள். ஆனால் ஏற்கெனவே நிரூபித்தவனைக் கோல் வறட்சிக்காக எடுத்துவிடாதீர்கள். 2017இல் கென்ட்ஸல் ஒட்டாவாவுக்கு எதிரான மூன்றாவது சுற்றுத் தொடர் முழுக்க ஒரு கோல்கூட அடிக்கவில்லை. சல்லிவன் விடவில்லை. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் 37 நிமிடம் கோலை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்காமல் தவித்தது, அதற்குப் பிறகு வந்த முதல் ஷாட் கென்ட்ஸலுடையது, அதுவே வெற்றி கோல்.

கோல்கீப்பர் இடம் மட்டும் தனி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் கோலில் நிற்க முடியும், அதனால் இளையவரையும் மூத்தவரையும் அங்கே கலக்க வழியில்லை, இருவரையும் கைவசம் வைத்திருக்கத்தான் முடியும். 2016இல் பிட்ஸ்பர்க்கின் மூத்த கோல்கீப்பர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரிக்குத் தலையில் அடிபட்டபோது மர்ரி உள்ளே வந்து 15 பிளேஆஃப் ஆட்டங்கள் வென்றார். அடுத்த வருடம் முதல் சுற்றுக்கு முன் வார்ம்-அப்பில் மர்ரிக்குக் காயம், ஃப்ளூரி இரண்டு சுற்றுகளை வென்று கொடுத்தார், மூன்றாவது சுற்றில் ஒரே பீரியடில் நான்கு கோல் போனதும் மறுபடி மர்ரி. 2016 கோப்பைக்குப் பிறகு ஃப்ளூரியை விற்றுச் சம்பள இடத்தைக் காலி செய்யச் சொல்லி நிறையப் பேச்சு இருந்தது. நல்ல பையன் வந்துவிட்டான் என்பதற்காக மூத்த கோல்கீப்பரை பிளேஆஃபுக்கு முன்னால் விற்காதீர்கள், ஜூன் முடியட்டும்.