கோவேறு கழுதையை மாடாக நினைத்துத் தீனி போடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் சுமைக்கென்று யாராவது கோவேறு கழுதை வாங்கி வந்தால், அதை நேரே மாட்டுக் கொட்டகையில்தான் கட்டுகிறார்கள். தீனியும் மாட்டுத் தீனிதான். தவறே அங்கேதான் தொடங்குகிறது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு, அசைபோட்டுச் சமாளித்துவிடும். இதற்கு இருப்பது ஒரே சின்ன இரைப்பை. நார்ச்சத்து பெருங்குடலில்தான் செரிக்கிறது. ஒத்துக்கொள்ளாததை வாந்தி எடுக்கவும் முடியாது.

கழனித்தண்ணியில் தவிட்டைக் கரைத்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. மாதக்கணக்கில் அதையே முக்கியத் தீனியாகக் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். முக எலும்பு உப்பிவிடும், நடை நொண்டும். மூட்டையில் வரும் மாட்டுத் தீவனமும் வேண்டாம். சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு அது நல்லது. கோவேறு கழுதை சேர்ந்த குதிரை இனத்துக்கோ இதயத்தையே அடித்துவிடும் விஷம்.

அப்புறம் கல்யாண வீட்டு மிச்சச் சோறு. எங்கள் தெருவில் ஒரு முகூர்த்த நாளில் ஒரு கோவேறு கழுதைக்கு ஒரு வாளி சோற்றை ஆசையாக வைத்துவிட்டார்கள். மறுநாள் பார்த்தால் அது முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றது. குளம்பைத் தொட்டேன், சுட்டது. மாவுச்சத்து அளவு மீறிப் பெருங்குடலுக்குப் போனால் குளம்புக்குள் வீக்கம் வரும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

சரி, என்னதான் போடுவது? காய்ந்த புல், சோளத்தட்டை. ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம். 250 கிலோ உருப்படிக்குச் சுமார் 4 முதல் 5 கிலோ. அதையும் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஊற வைத்து வேகவைத்த கொள்ளு, கடும் வேலை உள்ள நாளில் மட்டும். பூஞ்சை பிடித்த கடலைக்கொடியைத் தொடவே விடாதீர்கள். சீமைக்கருவேல நெற்றைக் கண்டபடி தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். செம்மண் தரையில் கொட்டாமல் தொட்டியில் போடுங்கள். தீனியோடு மண்ணும் உள்ளே போனால் வயிற்றுவலிதான். உப்புக்கட்டி ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். சித்திரையில் ஊருணி வற்றினாலும் இதற்குத் தண்ணீர் குறையக் கூடாது.

தீனியை மாற்றுவதானால் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு, பழையதோடு கலந்து மாற்றுங்கள். கொழுத்துவிட்டதென்று பட்டினி போடுவதும் ஆபத்து; கொழுப்பு ரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது.