கிட்ஹப் பயிலரங்கில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

போன வாரம் ஒரு பல்கலைக்கழகப் பயிலரங்கில் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், அந்தப் பதிவுகளை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் இரண்டையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மாணவி கையைத் தூக்கினார். "சார், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்த ஃபைலைத் தெரியாம புஷ் பண்ணிட்டேன். உடனே டெலிட் பண்ணி மறுபடி புஷ் பண்ணிட்டேன். இப்ப சரிதானே?"

சரியில்லை. புஷ் என்றால் நம் கணினியில் பதிந்ததை கிட்ஹப்புக்கு அனுப்புவது, அனுப்பியதை அழித்தால் போய்விடும் என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கட்டளையில் எழுத்துப்பிழை, தவறான ஃபோல்டரில் நிற்பது போன்ற சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். பிழைச் செய்தியே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அழித்தால் போய்விடும் என்று நம்புவது

2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது கிட். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைத் தொலையாமல் காப்பதுதான் அதன் வேலை. நாம் செய்யும் ஒவ்வொரு பதிவும், அதாவது கமிட்டும், அந்த நேரத்து புராஜெக்ட்டை அப்படியே பதிந்துவைக்கிறது. அடுத்த கமிட்டில் ஃபைலை நீக்கினால், நீக்கியதும் வரலாற்றில் ஒரு வரியாகச் சேரும், அவ்வளவுதான். முந்தைய கமிட்டைத் திறக்கிற எவருக்கும் பாஸ்வேர்டு கிடைக்கும்.

நான் மாட்டியது கிளவுட் கணக்கின் சாவியில், அதாவது வாடகை சர்வர்களை இயக்க பாஸ்வேர்டு போலப் பயன்படும் ரகசிய எழுத்துத்தொடரில். எவரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போவில் (புராஜெக்ட்டும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) இரவு புஷ் செய்தேன். பத்து நிமிடத்தில் கவனித்து, அந்த வரியை நீக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் என் கணக்கில் யாரோ சர்வர்களை ஓடவிட்டிருந்தார்கள். வந்த பில் என் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பொது ரெப்போக்களில் சாவி தேடுவதற்கென்றே பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்றும் கோபம் வருவது பயிற்சிக் குறிப்புகளைப் பார்க்கும்போது. 'உங்கள் சாவியை இங்கே ஒட்டுங்கள்' என்று நிரலுக்குள்ளேயே இடம் விட்டுவைக்கிறார்கள். புதிதாகக் கற்பவர் சொன்னபடி ஒட்டுகிறார். அடுத்த பக்கத்தில் புஷ் செய்யச் சொல்கிறார்கள். அவர் வேறு என்ன செய்வார்?

தவறு நடந்துவிட்டால் முதல் வேலை, அந்தச் சாவியை ரத்து செய்து புதியது எடுப்பது. கிட் ஃபில்டர்-ரெப்போ (git filter-repo) என்ற கருவி கொண்டு வரலாற்றைத் திருத்துவதெல்லாம் அதற்குப் பிறகு. ஏற்கெனவே க்ளோன் (தன் கணினியில் பிரதி) அல்லது ஃபோர்க் (தன் கிட்ஹப் கணக்கில் பிரதி) எடுத்தவர்களிடம் பழைய பிரதி இருக்கும். அதை உங்களால் தொட முடியாது. அந்த மாணவியை முதலில் பாஸ்வேர்டை மாற்றவைத்தேன். பிறகு பழைய கமிட்டைத் திரையில் திறந்து காட்டினேன். வகுப்பே அமைதியாகிவிட்டது.

ரகசியங்களைத் தனி ஃபைலில் வைத்து, முதல் கமிட்டுக்கு முன்பே அதன் பெயரை கிட்இக்னோரில் (எவற்றைப் பதியக்கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் .gitignore ஃபைல்) எழுதுங்கள். பின்னால் எழுதினால் பலிக்காது, ஏற்கெனவே கிட் கண்காணிக்கும் ஃபைலை கிட்இக்னோர் தடுக்காது. அதற்கு 'கிட் ஆர்எம் --கேச்டு' (git rm --cached) கட்டளையை ஃபைல் பெயரோடு கொடுத்து முதலில் விடுவிக்க வேண்டும். பொது ரெப்போக்களுக்கு கிட்ஹப் 2024 முதல் சாவி இருக்கும் புஷ்ஷைத் தடுக்கும் புஷ் பாதுகாப்பைத் தானாகவே இயக்கிவைக்கிறது. ஆனால் அது பிடிப்பது, வடிவம் தெரிந்த சாவிகளை. நீங்களாக வைத்த பாஸ்வேர்டை அதனால் அடையாளம் காண முடியும் என்று நம்பியிருக்காதீர்கள்.

கிட்ஹப் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து புஷ் செய்ய முயல்வது

2021 ஆகஸ்ட் 13 முதல் அது செல்லாது. பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் டோக்கன் (கிட்ஹப் உருவாக்கித் தரும் ரகசிய எழுத்துத்தொடர்) அல்லது எஸ்எஸ்எச் சாவியை (உங்கள் கணினியை அடையாளம் காட்டும் சாவி ஃபைல்) பயிலரங்குக்கு வருமுன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

டேட்டாசெட்டை ரெப்போவில் போடுவது

100 எம்பி தாண்டிய ஃபைலை கிட்ஹப் ஏற்காது.

'ஃபைனல்', 'ஃபைனல்2' என்று கமிட் செய்தி எழுதுவது

வேண்டாம்.

மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்ததும் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி க்ளோன் செய்வது

பயத்தில் செய்வது, புஷ் செய்யாத வேலையெல்லாம் அதோடு போய்விடும். மெர்ஜ் என்றால் இருவரின் மாற்றங்களை ஒன்றாக இணைப்பது. ஒரே இடத்தை இருவர் மாற்றியிருக்கிறார்கள், எது வேண்டும் என்று கிட் கேட்கிறது. ஃபைலைத் திறந்தால் இரண்டு வடிவங்களும் அடையாளக் கோடுகளுக்கு நடுவே இருக்கும். வேண்டியதை வைத்து, கோடுகளை நீக்கி, கமிட் செய்யுங்கள். குழம்பிவிட்டால் 'கிட் மெர்ஜ் --அபார்ட்' (git merge --abort) கொடுங்கள், மெர்ஜுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.