பிளேன் வயரிங்கை எப்படி செக் பண்றது, எப்படி காப்பாத்துறது

ஏஎம்இ (பிளேன் மெயின்டனன்ஸ் படிப்பு) முடிச்சிட்டு ஹேங்கருக்கு (பிளேன நிறுத்தி வேலை பாக்குற ஷெட்) புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க இன்ஜின்னா ஓடி வந்து பாப்பாங்க, லேண்டிங் கியர்னா குனிஞ்சு பாப்பாங்க, வயர் பண்டில் (ஒண்ணா சேத்துக் கட்டுன வயருங்க) மட்டும் யாரு கண்ணுலயும் படாது. அவங்கள சொல்லி குத்தமில்ல, ரொம்ப வருஷமா இண்டஸ்ட்ரியே அப்படித்தான் இருந்துச்சு, வயரை ஒருதடவை போட்டாச்சுன்னா பிளேன் ஆயுசு முழுக்க அது பாட்டுக்கு கெடக்கும்னு நெனச்சாங்க. ஒரு போயிங் 747-400ல மட்டும் கிட்டத்தட்ட 275 கிலோமீட்டர் வயர் ஓடுது, யோசிச்சு பாருங்க.

அந்த நெனப்ப மாத்துனது ரெண்டு விபத்து. 1996 ஜூலை 17, டிடபிள்யூஏ 800 ஃபிளைட், நியூயார்க்ல இருந்து கெளம்புன கொஞ்ச நேரத்துல நடு ஃபியூல் டேங்க் வெடிச்சு 230 பேர் போய்ட்டாங்க. டேங்க்குக்கு வெளிய எங்கயோ ஷார்ட் ஆகி, ஃபியூல் அளவு காட்டுற வயர் வழியா அதிக வோல்டேஜ் உள்ள போயிருக்கணும், அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு விசாரணைல சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1998 செப்டம்பர் 2, ஸ்விஸ்ஏர் 111 ஃபிளைட். காக்பிட்ல ஏதோ வாடை வருதுன்னு பைலட் கவனிச்சதுல இருந்து சுமார் 20 நிமிஷத்துல கனடா கடல்ல விழுந்துருச்சு, 229 பேர். காக்பிட் சீலிங்குக்கு மேல வயர்ல ஆர்க் அடிச்சு (கரண்ட் வெளிய தாவி பொறி பறந்து) பக்கத்துல இருந்த இன்சுலேஷன் பிளாங்கெட்டோட கவர் தீ புடிச்சதுதான் ஆரம்பமா இருக்கணும்னு விசாரணைல சொன்னாங்க. இதுக்கெல்லாம் அப்புறம்தான் 2007ல எஃப்ஏஏ (அமெரிக்காவோட விமானத்துறை அமைப்பு) ரூல் போட்டு வயர், கனெக்டர், கிளாம்ப் (வயர புடிச்சு நிறுத்துற வளையம்), ஸ்ப்ளைஸ் (ரெண்டு வயர சேக்குற இணைப்பு), கிரவுண்டிங் எல்லாத்தையும் சேத்து ஈவிஸ்னு (பிளேனோட மொத்த வயரிங் இணைப்பு) ஒரே சிஸ்டமா பாக்கணும்னு சொன்னாங்க.

நான் திரும்ப திரும்ப சொல்றது ஒண்ணுதான், வயர் தானா வயசாகி கெடுறது ஒரு பக்கம், ஆனா வேற ஏதோ வேலைக்கு பேனல தொறந்த நம்ம கை கெடுக்குறது அதைவிட மோசம். அதனால செக் பண்றதும் காப்பாத்துறதும் ஒரே வேலைதான்னு எடுத்துக்கோங்க.

மொதல்ல பேப்பர். போயிங்னா ஸ்டாண்டர்ட் வயரிங் பிராக்டிஸஸ் மேனுவல், ஏர்பஸ்னா அவங்களோட ஈஎஸ்பிஎம்ங்கிற வயரிங் மேனுவல், சின்ன பிளேனுக்கு கம்பெனி மேனுவல்ல ஒண்ணும் இல்லன்னா எஃப்ஏஏவோட ஏசி 43.13-1பிங்கிற வழிகாட்டி புக், 11ஆவது சாப்டர். கீழ நான் சொல்ற அளவெல்லாம் அதுல இருக்குறதுதான், உங்க பிளேன் மேனுவல் வேற அளவு சொன்னா அதுதான் செல்லும். அப்புறம் பவர் ஆஃப், பேட்டரி டிஸ்கனெக்ட், சம்பந்தப்பட்ட சர்க்யூட் பிரேக்கர இழுத்து டேக் போடுங்க, மோதிரம் வாட்ச் ரெண்டையும் கழட்டி வைங்க.

பேனல தொறந்ததும் துடைக்க ஆரம்பிக்காதீங்க, அழுக்கா இருக்கறப்பவே ஒருதடவ நிதானமா டார்ச் அடிச்சு, பின்பக்கத்துக்கு மிரர் வச்சு பாருங்க, ஏன்னா அழுக்குதான் கதை சொல்லும். ஒரு எடத்துல மட்டும் கருப்பா பொகை படிஞ்ச மாதிரி இருந்தா அங்க ஆர்க் அடிச்சிருக்கலாம், கனெக்டர்கிட்ட பச்சையா பூத்திருந்தா தண்ணி உள்ள போயிருக்கு, பிசுபிசுன்னு கறை இருந்தா கேலில (பிளேனோட கிச்சன்) இருந்து காபியோ ஜூஸோ எறங்கிருக்கு, நீலமா கறைன்னா டாய்லெட் சைடு லீக். இத பாத்து குறிச்சுட்டு அப்புறம் க்ளீன் பண்ணுங்க. க்ளீனிங்குக்கு சாஃப்ட் பிரஷும் வேக்யூமும் போதும், கம்ப்ரஸ்டு ஏர் அடிச்சீங்கன்னா மேல கெடந்த இரும்புத்தூள், அலுமினியத் துகள் எல்லாம் பண்டிலுக்கு உள்ள போய் உக்காந்துக்கும், அது அங்க இருந்துகிட்டு ஒவ்வொரு அதிர்வுக்கும் இன்சுலேஷன அறுத்துகிட்டே இருக்கும். பஞ்சு மாதிரி சேர்ற தூசியும் சும்மா இல்ல, ஒரு பொறி பட்டா அதுதான் மொதல்ல புடிக்கும்.

எங்க பாக்கணும்னா வீல் வெல் (சக்கரம் உள்ள மடங்குற எடம்), றெக்கைல அசையிற ஃபிளாப் ஸ்பாய்லர் பின்னாடி, இன்ஜின் பைலான் (இன்ஜின றெக்கையோட புடிச்சிருக்குற பாகம்), ஏபியு (துணை இன்ஜின்) பக்கம், பேட்டரி பக்கம், கேலிக்கும் டாய்லெட்டுக்கும் கீழ, கதவு கீல்கிட்ட வளைஞ்சு வளைஞ்சு போற வயர். தண்ணி, காத்து, சூடு, அசைவு இதுல எது அதிகமோ அங்க நேரம் அதிகமா செலவு பண்ணுங்க.

கிளாம்ப்கிட்ட ரொம்ப நேரம் நில்லுங்க, பாதி டிஃபெக்ட் அங்கதான் கெடைக்கும். உள்ள இருக்குற ரப்பர் குஷன் கிழிஞ்சு மெட்டல் வயர தொடுதா, வயர் நடுவுல சிக்கி நசுங்கியிருக்கா, இல்ல கிளாம்ப் லூசாகி பண்டில் உள்ள ஆடுதா பாருங்க. ரெண்டு கிளாம்ப்க்கு நடுவுல 24 இஞ்சுக்கு மேல போகக்கூடாது, நடுவுல கைய வச்சு லேசா அழுத்துனா அரை இஞ்சுக்கு மேல எறங்கக்கூடாது. ஓட்டை வழியா வயர் போற எடத்துல ஓரத்துக்கும் வயருக்கும் கால் இஞ்ச் எடம் இல்லன்னா குரோமெட் (ஓட்டை ஓரத்துல மாட்டுற ரப்பர் வளையம்) இருந்தே ஆகணும். வளைவு பண்டில்ல இருக்குற பெரிய வயரோட விட்டத்துல 10 மடங்குக்கு கொறையக்கூடாது, கோஆக்ஸ் (ஆன்டெனா, ரேடியோவுக்கு போற கேபிள்)னா 6 மடங்கு. ஃபியூல், ஹைட்ராலிக், ஆக்ஸிஜன் பைப் பக்கத்துல போச்சுன்னா வயர் மேல இருக்கணும் பைப் கீழ இருக்கணும், முடிஞ்சவரை 6 இஞ்ச் தள்ளி, அந்த பைப்பையே சப்போர்ட்டா வச்சு வயர கட்டித் தொங்கவிடுறது எந்த காரணத்துக்கும் கூடாது.

கனெக்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி வயர் கீழ எறங்கி மேல ஏறணும், அந்த டிரிப் லூப் இருந்தாத்தான் வயர் வழியா ஓடி வர்ற தண்ணி கீழ சொட்டும், இல்லன்னா நேரா கனெக்டர் உள்ள இருக்குற உலோக பின்னுக்கே போய்டும். ஸ்ப்ளைஸ்னா ரெண்டு கனெக்டருக்கு நடுவுல ஒரு வயருக்கு ஒண்ணுதான், பண்டில்ல பல வயருக்கு இருந்தா எல்லாத்தையும் ஒரே எடத்துல குவிக்காம முன்ன பின்ன தள்ளி தள்ளி போட்டிருக்கணும்.

பழைய பிளேன்கள்ல கேப்டான்ங்கிற பிளாஸ்டிக் இன்சுலேஷன் வயர் நிறைய இருக்கும், லேசு, மெல்லிசு, சூடு தாங்கும், ஆனா ஈரத்துல வருஷக்கணக்கா இருந்தா மயிரிழை மாதிரி வெடிக்கும், அங்க ஆர்க் அடிச்சா இன்சுலேஷனே கரியாகி கரண்ட கடத்த ஆரம்பிச்சிரும், அப்படியே பண்டில் நெடுக ஓடும். அதனால பழைய பண்டில வளைச்சு பாத்து செக் பண்ணாதீங்க, நல்லா இருந்தத நீங்களே ஒடச்சிருவீங்க. மெக்கர் (அதிக வோல்டேஜ் குடுத்து இன்சுலேஷன டெஸ்ட் பண்ற மீட்டர்) போடணும்னு மேனுவல் சொன்னா ரெண்டு முனையும் கழட்டிட்டு போடுங்க, அந்த வோல்டேஜ் ஏவியானிக்ஸ் பாக்ஸுக்குள்ள போச்சுன்னா பெரிய செலவு.

இப்ப காப்பாத்துற பக்கம். வயர் பக்கத்துல டிரில் பண்ணணும்னா டிரில் எடுக்கறதுக்கு முன்னாடியே பண்டில மூடுங்க, டிரில் பண்ணும்போதே வேக்யூம் புடிச்சு தூள எடுங்க, எல்லாம் முடிச்சுட்டு பாத்துக்கலாம்னு விடாதீங்க. பண்டில் மேல கால் வைக்காதீங்க, ஏறும்போது கைப்புடியா புடிக்காதீங்க, டூல் பேக்க அதுல தொங்கவிடாதீங்க. கழட்டுன கனெக்டருக்கு உடனே கேப் போடுங்க, டேப் ஒட்டுனா பசை உள்ள தங்கும். ஜிப் டை போட்டா இறுக்கி கழுத்த நெறிக்காதீங்க, வெட்டுன நுனி கத்தி மாதிரி நீட்டிகிட்டு நிக்கக்கூடாது, வீல் வெல் மாதிரி எடத்துல லேசிங் கார்டுதான் (வயர கட்டுற நூல் கயிறு) நல்லது. உரசல் பாத்தீங்கன்னா மேல ஸ்லீவ் சுத்தி மறைக்கிறது ரிப்பேர் இல்ல, எது உரசுது, ஏன் உரசுதுன்னு கண்டுபுடிச்சு கிளாம்ப மாத்துங்க, அப்புறம் வயர மேனுவல்படி ரிப்பேர் பண்ணுங்க.

பிரேக்கர் விஷயத்த தயவுசெஞ்சு லேசா எடுக்காதீங்க. விட்டு விட்டு அடிக்கிற ஆர்க்குக்கு சாதாரண பிரேக்கர் பல நேரம் விழவே விழாது (தானா கட் ஆகாது), அப்படி இருக்கும்போது அது விழுந்துருக்குன்னா உள்ள நிஜமாவே ஏதோ இருக்கு. 2007 ஜூலை 10, ஃபுளோரிடால சான்ஃபோர்ட் பக்கம் ஒரு செஸ்னா 310, மொதல் நாள் ஓட்டுன பைலட் வெதர் ரேடார்கிட்ட தீஞ்ச வாடை வந்து பிரேக்கர இழுத்துட்டு எழுதியும் வச்சாரு. யாரும் ரிப்பேர் பண்ணல, மறுநாள் அப்படியே பறந்தாங்க, பிரேக்கர திரும்ப உள்ள தள்ளியிருக்கணும்னு விசாரணைல சொன்னாங்க, தீ புடிச்சு வீடுங்க மேல விழுந்து பிளேன்ல 2 பேர், தரையில 3 பேர் செத்தாங்க. காரணம் தெரியாம ரீசெட் பண்ணாதீங்க, ஃபியூல் பம்ப் பிரேக்கர்னா சுத்தமா கூடாது.

லாக்ல எழுதும்போது "வயரிங் செக் பண்ணப்பட்டது"ன்னு ஒத்த வரியில முடிக்காம, எந்த ஸ்டேஷன் (பிளேன்ல எந்த எடம்னு காட்டுற நம்பர்), எந்த வயர் நம்பர், எந்த கிளாம்ப், என்ன பாத்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க, உங்க ஹேங்கர்ல அனுமதி இருந்தா பேனல் மூடறதுக்கு முன்னாடி ஃபோட்டோவும் எடுத்து சேத்து வைங்க. அடுத்த செக்ல தொறக்குறவர் அத வச்சுத்தான் உரசல் புதுசா பழசான்னு சொல்ல முடியும்.